இசட்8-ஆ, ஏ7ஆர் 5-ஆ? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சோனி ஏ7ஆர் 5 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது, நிக்கான் இசட்8 2023 மே மாதம். இரண்டும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா (ஒளியைப் பிடிக்கும் சென்சார் சில்லு பழைய ஃபிலிம் அளவு, உள்ளே படம் திருப்பும் கண்ணாடி கிடையாது), இரண்டுக்கும் லட்சக்கணக்கில் எண்ணி வைக்க வேண்டும். ஏதாவது ஒன்றைத்தான் வாங்க முடியும் என்று கேட்டவர்களுக்கு, அவரவர் வேலையைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்யாண போட்டோகிராபர்: அண்ணே, எனக்கு வேலையில் பாதி சர்ச் கல்யாணம், மீதி மண்டபம். எதை எடுக்கலாம்?

தம்பி, உன் வேலைக்கு இசட்8. காரணம், சென்சார் படத்தை வாசிக்கும் வேகம்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுக்கும்போது சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படத்தை வாசிக்கிறது. இசட்8-இல் இருப்பது வேகமாக வாசிக்க அடுக்கடுக்காகக் கட்டிய ஸ்டாக்டு சென்சார், முழுப் படத்தையும் ஏறக்குறைய 1/270 நொடியில் வாசித்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் நிக்கான் அதில் மெக்கானிக்கல் ஷட்டரே வைக்கவில்லை. ஏ7ஆர் 5-க்கு அதே வேலைக்குச் சுமார் 1/10 நொடி பிடிக்கும். அதற்குள் ஆள் அசைந்தால் உருவம் சாயும். நேரில் பார்க்க வேண்டுமென்றால் முப்பந்தலில் வண்டியை நிறுத்தி, சுற்றுகிற காற்றாலை ஒன்றை சைலன்ட் மோடில் எடுத்துப் பார். இறக்கை அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். அதே சோனியில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் நேராகிவிடும், ஆனால் சத்தம் வரும்.

உனக்கு அந்தச் சத்தம்தான் பிரச்சினை. பீடத்துக்குப் பக்கத்தில் நின்று ஜெப நேரத்தில் தடதடவென்று அடித்தால் ஃபாதர் திரும்பிப் பார்ப்பார், அவர் பார்ப்பதில் நியாயமும் இருக்கிறது. இசட்8-இல் சத்தத்தை அணைத்துவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் நொடிக்கு 20 ரா படம் (பிறகு திருத்த வசதியான மூலக் கோப்பு) வரை எடுக்கலாம். கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரும் நடுவில் இருட்டாவதில்லை.

ரிசப்ஷன் மேடை எல்.இ.டி. விளக்கில் பட்டை விழுவது பற்றியும் கேட்டிருந்தாய். எந்த கேமராவானாலும் விழலாம். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் துடிக்கிற விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். முதலில் 1/50 அல்லது 1/100-இல் வைத்துப் பார். பின்னால் இருக்கிற எல்.இ.டி. சுவர் அதைவிட வேகமாகத் துடிக்கும் வகையாக இருந்தால், ஷட்டர் வேகத்தைத் துளித்துளியாக மாற்றும் வசதி இரண்டு கேமரா மெனுவிலும் உண்டு. பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறுவதற்கு முன்பே அதைச் சரிசெய்து வைத்துக்கொள்.

அவரே மறுபடியும்: ஆனால் சோனி 61 மெகாபிக்சல் ஆச்சே அண்ணே? ஆல்பத்துக்கு நல்லதில்லையா?

சோனி படத்தின் அகலம் 9504 பிக்சல், நிக்கான் 8256. வித்தியாசம் அகலத்தில் 15 சதவீதம்தான். 61, 45.7 என்று எண்ணைப் பார்க்கும்போது தெரிகிற இடைவெளி பிரிண்டில் தெரியாது. அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அடித்தாலும் நிக்கான் படம் 27 அங்குலத்தைத் தாண்டும். நீ போடுவது 12x36 ஆல்பம், அதில் ஒரு பக்கம் 18 அங்குலம். போதும், மிச்சமும் இருக்கிறது.

ஹார்டு டிஸ்கையும் நினைத்துக்கொள். 61 மெகாபிக்சலைச் சுருக்காத ராவாக எடுத்தால் ஒரு படம் 120 எம்.பி.யைத் தாண்டும். ஒரு கல்யாணத்துக்கு 3000 படம் என்றால் கணக்கை நீயே போட்டுப் பார். சோனி வைத்திருப்பவர்கள் மெனுவில் லாஸ்லெஸ் எம் என்று மாற்றி 26 மெகாபிக்சல் ராவாக எடுக்கலாம். குடும்பப் படங்களுக்கு அது தாராளம்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அண்ணா, நான் சுசீந்திரம், தேரூர் குளங்களிலும் மணக்குடியிலும் பறவை எடுக்கிறேன். சோனியில் கிராப் செய்து கொள்ளலாம் என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான் தங்கச்சி. ஏபிஎஸ்-சி கிராப்பில் (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் முறை) சோனி 26 மெகாபிக்சல் தரும், நிக்கான் 19 சொச்சம். குளத்தின் நடுவில் நிற்கிற கூழைக்கடாவையோ நத்தைகுத்தி நாரையையோ எடுக்க அது உதவும். சோனியின் பறவைக் கண் ஃபோகஸும் அருமையாகப் பிடிக்கும், அதற்கென்றே தனி ஏ.ஐ. பிராசஸர் வைத்திருக்கிறார்கள். நிக்கானும் 2024 பிப்ரவரியில் வந்த 2.00 ஃபர்ம்வேரில் (கேமராவின் உள் மென்பொருள்) பறவைக்கென்று தனித் தேர்வு கொடுத்துவிட்டது.

பறவை பறக்க ஆரம்பித்ததும் கதை மாறும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி எப்போது பாயும் என்று யாருக்கும் தெரியாது. அது பாய்ந்ததைப் பார்த்து நம் விரல் அமுக்குவதற்குள் அது தண்ணீரைத் தொட்டிருக்கும். இசட்8-இல் பிரீ-ரிலீஸ் கேப்சர் போட்டு பட்டனைப் பாதி அமுக்கி வைத்திருந்தால், நீ முழுதாக அமுக்குவதற்கு முந்தைய ஒரு நொடி வரைக்கும் கார்டில் பதிவாகும். கம்பியை விட்டுக் கால் கிளம்புகிற அந்தக் கணம் கிடைக்கும். ஜேபெக்கில் மட்டும்தான் வரும், ராவைப் போலப் பிறகு பெரிதாகத் திருத்த முடியாது என்பது ஒரு குறை. ஆகவே வெளிச்சத்தையும் ஒயிட் பேலன்ஸையும் முன்கூட்டியே சரியாக வைக்க வேண்டும். ஏ7ஆர் 5-இல் இந்த வசதி இல்லை, வேகமும் நொடிக்கு 10 படம்தான்.

லென்ஸ் இரண்டு பக்கமும் ஈடுதான். நிக்கானுக்கு 180-600, சோனிக்கு 200-600, இரண்டும் இரண்டு கிலோ அளவில். ஒரு மோனோபாட் வாங்கிக்கொள். தேரூர் குளக்கரையில் காலை முழுக்க நிற்பவளுக்கு பாடியை விட அது முக்கியம். அந்தக் குளங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. நல்ல படங்கள் எடுத்து ஊருக்குக் காட்டு, நம்ம பிள்ளைகளுக்கே அங்கே என்ன பறவை வருகிறதென்று தெரியவில்லை.

தக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: எனக்கு அவசரமே இல்லை. பத்மநாபபுரம் அரண்மனை மரவேலை, மாத்தூர் தொட்டிப்பாலம், கோயில் சிற்பம், இவைதான்.

சார், நீங்கள் சோனி வாங்குங்கள். நகராத பொருளுக்கு 61 மெகாபிக்சல் முழுப் பலனும் தரும். அரண்மனை முன்கூடமான பூமுகத்தின் கூரையில் செதுக்கிய பூக்களைக் கீழே நின்று எடுத்து, வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் உளி ஓடிய வரி வரைக்கும் தெரியும். உள்ளே வெளிச்சம் குறைவு, கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு, கை நடுக்கத்தை ஈடுகட்டும் சோனியின் ஸ்டெபிலைசேஷன் 8 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஷட்டர் நேரத்தை இரட்டிப்பாக்கலாம்) என்று மதிப்பிடப்பட்டது, நிக்கானுடையது 5.5 முதல் 6. சோனியின் எடையும் பேட்டரி, கார்டோடு 723 கிராம். இசட்8 910 கிராம். படியேறி நடக்கும்போது அந்த வித்தியாசம் தோளில் தெரியும். வ்யூஃபைண்டரும் சோனியில்தான் மிகத் துல்லியம்.

நிக்கானுக்கு ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். அதில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 64-இல் தொடங்கலாம். கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலைக்குப் பின்னால் சூரியன் எழும்போது, வானத்தின் பிரகாசத்தையும் பாறையின் இருட்டையும் ஒரே படத்தில் அடக்க அது கைகொடுக்கும். ஆனாலும் உங்களுக்கு சோனிதான்.

குளச்சல்: பேட்டரி?

இரண்டு பேட்டரியும் 2280 எம்.ஏ.எச். தான். ஆனால் இசட்8 அதிகம் குடிக்கும். வ்யூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் சோனிக்குச் சுமார் 440 படம், நிக்கானுக்கு 330 என்பது கம்பெனிக் கணக்கு. தொடர் படம் எடுத்தால் இரண்டுமே அதைவிட எவ்வளவோ கூடுதலாகத் தரும். நிக்கானுக்கு மூன்று பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள்.

குளச்சல், அதே நண்பர்: திருவிழா வீடியோவும் எடுக்கிறேன்.

அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், இசட்8. 4கே 60-ஐ (நொடிக்கு 60 ஃபிரேம்) சென்சாரின் முழு அகலத்தில் தரும், 120-உம் உண்டு. சோனியில் 4கே 60 என்றால் ஓரம் வெட்டுப்படும், சப்பரத்துக்கு முன்னால் நெருக்கத்தில் நிற்கும்போது வைடு போதாமல் திணற வேண்டியிருக்கும்.

குழித்துறையிலிருந்து ஒரு அண்ணாச்சி: ஸ்டுடியோவில் பழைய நிக்கான் லென்ஸ் நிறைய கிடக்கிறது. இசட்8-இல் ஓடுமா?

எஃப்டிஇசட் 2 அடாப்டர் வாங்கினால் உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் நன்றாக ஓடும் அண்ணாச்சி. பழைய டி லென்ஸ்களில் மோட்டார் கிடையாது, அடாப்டரிலும் கிடையாது. ஆகவே கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும். 50 மி.மீ. எஃப்/1.8டி போன்றவற்றை நம்பி கல்யாணத்துக்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் புதிதாக வாங்குவதாக இருந்தால் சோனிக்கு ஒரு பலம் உண்டு: சிக்மா, டேம்ரான், சாம்யாங் என்று குறைந்த விலையில் ஃபுல் ஃபிரேம் லென்ஸ் வரிசையாகக் கிடைக்கும். நிக்கானின் இசட் மவுண்டுக்கு அந்த அளவு தேர்வு இல்லை.

கன்னியாகுமரி: அண்ணன் துபாயிலிருந்து வாங்கி வரட்டுமா? உப்புக் காற்றுக்கு எது தாங்கும்?

வாங்கி வரலாம். ஆனால் விமான நிலையத்து சுங்கவரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாரண்டி இங்கே செல்லுமா என்று அந்தக் கடையிலேயே எழுத்தில் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இங்கே பில் போட்டு வாங்குவதே மேல் என்று பல நேரம் தெரியவரும்.

உப்புக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் கேமராவை அணைத்ததும் சென்சாரை மூடும்படி வைக்கலாம், அந்த அமைப்பைப் போட்டு வையுங்கள். கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால் பாடியையும் லென்ஸ் குழலையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒரு தடவை. கண்ணாடியை மட்டும் இந்தத் துணியால் தொடாமல் முதலில் ப்ளோயரால் ஊதுங்கள், உப்புத் துகளோடு தேய்த்தால் கோட்டிங் கீறும். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, லென்ஸில் பங்கஸ் பிடிக்க வேறென்ன வேண்டும்? பாடி வாங்கும் பணத்திலேயே ஒரு டிரை கேபினட்டுக்கு (ஈரத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி) ஒதுக்கி, ஈரப்பதத்தை 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் வையுங்கள். அதற்குப் பணம் போதவில்லையென்றால், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறியதும் மாற்றுங்கள். தோல் பைக்குள் வைத்து பீரோவில் பூட்டுவதுதான் கூடவே கூடாது.