ஜாயினிங் தேதி வரவில்லை, அதற்குள் மனைக்குத் தவணை கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 20. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மாதம் 13,000 ரூபாய் சம்பளம். ராணுவத்தில் அக்னிவீராக செலக்ட் ஆகி, பயிற்சிக்குப் புறப்படக் காத்திருக்கிறேன். பைக் கடன் பாக்கி 42,000. அகாடமி ஃபீஸுக்காக அம்மாவின் நகையை 40,000-க்கு அடகு வைத்தோம். சேமிப்பு 28,000. ராணுவச் சம்பளத்தை நம்பி அப்பா ஒரு மனைக்கு மாதம் 9,000 வீதம் 60 தவணை பேசியிருக்கிறார். சித்தப்பா 20 வருட பாலிசி போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், திருப்பத்தூர் மாவட்டம்

பதில்: வாழ்த்துகள் தம்பி. அப்பா பேசியது 60 மாதம். உங்கள் பணியோ பயிற்சியையும் சேர்த்து 48 மாதம்தான். மிச்சம் 12 தவணையை யார் கட்டுவது? நான்கு ஆண்டு முடிந்தபின் நிரந்தரப் பணிக்கு எடுப்பது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை. அதில் நீங்களும் இருக்கலாம்; ஆனால் அதை நம்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது. முன்பணம் கொடுக்கவில்லை என்றால், மனை வேண்டாமென்று இப்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

முதல் ஆண்டு சம்பளம் 30,000 என்றாலும் கைக்கு வருவது 21,000. மீதி 9,000, பணி முடிந்ததும் மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் போகும். அரசும் அதே அளவு போடும். நான்காம் ஆண்டு சம்பளம் 40,000, கைக்கு 28,000. முடிவில் இரு பங்கும் சேர்ந்து 10.04 லட்சமும் அதற்கான வட்டியும் கிடைக்கும். வருமான வரி கிடையாது. பென்ஷனோ கிராஜுவிட்டியோ இல்லாததால் ஊர் திரும்பும்போது உங்கள் முதல் இதுதான். இடையில் சொந்த விருப்பத்தில் விலகினால் அரசின் பங்கு வராது.

பைக்கை விற்றுவிடுங்கள். பயிற்சி மையத்தில் அதற்கு வேலை இல்லை. வீட்டில் நின்று மழையில் நனைய மாதாமாதம் தவணை வேறா? 65,000-க்குப் போனால் கடன் அடைத்தது போக 23,000 மிஞ்சும். சேமிப்பிலிருந்து 20,000 சேர்த்தால் நகை வட்டியோடு மீண்டுவிடும். கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் அடமானக் குறிப்பை நீக்காமல் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பைக்கை விற்க மனம் வரவில்லை என்றால் ஒரு சிக்கலை யோசியுங்கள். பயிற்சிக் காலத்தில் போன் எப்போதும் கையில் இருக்காது. ஓ.டி.பி. வந்தாலும் பார்க்க முடியாது. கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் அபராதம், சிபில் மதிப்பெண்ணிலும் அடி. மூன்று மாதத் தவணையாவது கணக்கில் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

சித்தப்பாவின் பாலிசி இப்போது வேண்டாம். பணிக்காலத்தில் 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. அதற்கு உங்களிடம் பிரீமியம் பிடிப்பதில்லை. சேர்ந்ததும் நாமினி பெயரை மட்டும் ஆதாரில் உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். பிரீமியமாகப் போக இருந்த பணத்தை ஆர்.டி.யில் போடலாம்.

ஆர்டர் கைக்கு வரும்வரை ஷூ கம்பெனி வேலையை விடாதீர்கள். கொரோனாவுக்கு முன்பும் பின்புமாக பழைய முறையில் உடல் தகுதி, மெடிக்கல் எல்லாம் முடித்துக் காத்திருந்த பல இளைஞர்களின் தேர்வு, 2022-ல் அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்ததும் ரத்தானது. "சீக்கிரம் தேதி வாங்கித் தருகிறேன்" என்று எவராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். புறப்படும்வரை வரும் கம்பெனி சம்பளத்தில் மாதம் 5,000 எடுத்து வைத்தால் போகிற செலவுக்கும் வீட்டின் முதல் மாதத்துக்கும் ஆகும்.