பழுதான இழையில் வேலை செய்யும் நொதி

கேள்வி: வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோல் செல்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது என்கிறார்கள். செல் பிரியும்போது டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் நொதி, சிதைந்த இடத்துக்கு வந்தால் நின்றுவிடுமா, பிழையாக எழுதிவிடுமா?

பதில்: வழக்கமாகப் பிரதி எடுக்கும் நொதி அங்கே நின்றுவிடும். அதன் காரணம் அந்த நொதியின் வடிவத்திலேயே இருக்கிறது.

டி.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் இந்த நொதிகள் பாதி மூடிய வலது கை போன்றவை; உள்ளங்கை, விரல்கள், கட்டைவிரல் என்றே அவற்றின் பகுதிகளை ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். பிரதி எடுக்கப்படும் மூல இழை உள்ளங்கையருகே சட்டென வளைவதால், டி.என்.ஏ.வின் ஒரே ஓர் எழுத்துதான் (அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கில் ஒன்று) உள்ளே வரும். அடுத்தது வெளியே ஒதுங்கி நிற்கும். பொருத்தமான எதிரெழுத்து வந்தமர்ந்தால்தான் விரல்கள் சரியாக மூடும். பிழைகள் அரிதாக இருப்பதற்கு இந்த நெருக்கடியே பெருங்காரணம். ஆனால் புற ஊதாக் கதிர் பட்டால், அடுத்தடுத்துள்ள இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று பிணைந்துபோவது உண்டு. பிணைந்தவற்றில் ஒன்றை மட்டும் உள்ளே விட்டு மற்றதை ஒதுக்க வழியில்லை, வேலை நின்றுபோகிறது.

அப்போது ஈட்டா என்னும் வேறொரு பாலிமரேஸ் அழைக்கப்படுகிறது. இதற்கு விரல்களும் கட்டைவிரலும் குட்டையானவை. உள்ளே இடம் தாராளம். இரண்டு தைமின்களும் சேர்ந்தே நுழைய, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் சரியான எதிரெழுத்தான அடினினை அது வைக்கிறது. போதாததற்கு இதற்குச் சுண்டுவிரல் ஒன்றும் உண்டு (ஆய்வுக் கட்டுரைகளில் வழங்கும் பெயரே இது). முறிந்த எலும்புக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவதுபோல, பழுதான இழை கோணிப்போகாமல் நேராக நிற்க இந்தச் சுண்டுவிரல் உதவுகிறது என்பதை, மனித நொதியின் படிக அமைப்பை ஆராய்ந்து ஆய்வாளர் வெய் யாங்கின் குழுவினர் 2010இல் காட்டினார்கள்.

தாராளத்துக்கு விலையும் உண்டு. பழுதில்லாத இழையில் இந்த நொதியை விட்டால், சில நூறு எழுத்துகளுக்கு ஒரு பிழையாவது செய்யும். பிழையைக் கண்டு அழித்துத் திருத்தும் உறுப்பும் இதற்குக் கிடையாது. எனவே பழுதைத் தாண்டிச் சில எழுத்துகள் எழுதியதும் இது விலகிக்கொள்ள, பழைய நொதி பணியைத் தொடர்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இது பழுதைச் சரிசெய்வதில்லை, கடந்து போகிறது, அவ்வளவுதான். பிணைந்த தைமின்களை வெட்டி எடுப்பது வேறு நொதிகளின் வேலை.

பிறவியிலேயே ஈட்டா செயல்படாதவர்களுக்கு, வெயில் படும் தோலில் இளவயதிலேயே புற்றுநோய் வரும் அபாயம் மிக அதிகம். சீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் நோயின் ஒரு வகையான இதற்கு இந்த நொதியின் குறைபாடே காரணம் என்பது 1999இல் தெரியவந்தது. ஈட்டா இல்லாதபோது, இந்த வேலைக்கு அவ்வளவாகப் பொருந்தாத பிற நொதிகள் அங்கே தவறான எழுத்துகளை வைத்துவிடுகின்றன.

இதே தாராளம் மருத்துவர்களுக்கு இடைஞ்சலாவதும் உண்டு. சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து பக்கத்துப் பக்கத்து குவானின்களைப் பிணைத்துப் பிரதியெடுப்பை நிறுத்தப் பார்க்கிறது. ஈட்டாவோ அந்தப் பிணைப்பையும் கடந்து, புற்றுச் செல்லைப் பிழைக்க வைத்துவிடுகிறது.