மணலுக்கு இ.எம்.ஐ. போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 31 வயது. அம்பத்தூரில் மனைவியோடு குடியிருக்கிறேன். மாதம் 46,000 ரூபாய் கைக்கு வருகிறது. அதில் 5,000 எஸ்.ஐ.பி.க்குப் போகிறது. பவளம் வளர்க்கிற உப்புநீர்த் தொட்டி வைக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டேன். இப்போது மணலில் வந்து நிற்கிறேன். இறக்குமதி லைவ் சாண்ட் 9 கிலோ பை 4,200 ரூபாய். நாலு பை வேண்டும் என்கிறார் கடைக்காரர். அதே அரகோனைட் என்கிற சுண்ணாம்பு வகை மணலை உலர்ந்ததாக வாங்கினால் கிலோ 160. நீச்சல் குள ஃபில்டர் மணல் 50 கிலோ மூட்டை 900. என் மச்சானோ, கோவளத்தில் சும்மா அள்ளிக்கொண்டு வருகிறேன் என்கிறான். லைவ் சாண்டை கிரெடிட் கார்டில் 12 மாத இ.எம்.ஐ. போட்டு வாங்கட்டுமா? இல்லை, மூன்று மாதம் எஸ்.ஐ.பி.யை நிறுத்தட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பை என்ன விலை என்று விசாரித்த நீங்கள், எத்தனை கிலோ வேண்டும் என்பதைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டீர்கள். அங்கேதான் பணம் போகிறது.

உங்கள் தொட்டியின் அடித்தளம் சுமார் 120-க்கு 45 செ.மீ. ஒரு செ.மீ. உயரத்துக்கு மணல் பரப்ப 5.4 லிட்டர் வேண்டும். இந்த வகை மணல் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ வரும். ஆக, ஒவ்வொரு செ.மீ.க்கும் 8 கிலோ. கடைக்காரர் சொன்ன 36 கிலோ நாலரை செ.மீ. ஆழத்துக்கானது. உங்களுக்கு 3 செ.மீ., அதாவது 24 கிலோ போதும். மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டைக் குறைப்பதற்காக ஆழமான மணல் படுகை வைப்பவர்கள் 10 செ.மீ.க்கு மேல் போடுவார்கள். அது 80 கிலோ விஷயம். நடுவில் நிற்கிற நாலு, ஐந்து செ.மீ. அந்த வேலைக்கும் போதாது, குழாய் விட்டு அழுக்கை உறிஞ்சி எடுக்கவும் சிரமம்.

சரி, எந்த மணல்? லைவ் சாண்ட் என்பது பாக்டீரியாவோடு ஈரமாக அடைத்து விற்கிற அரகோனைட். அந்த ஈரத்துக்கும் சேர்த்துத்தான் கிலோ கணக்கு. அதிலிருக்கும் பாக்டீரியா தொட்டிக்குத் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் உலர்ந்த மணலைப் போட்டு, நன்றாக ஓடுகிற ஒரு தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மணலை நண்பரிடம் கேட்டு வாங்கித் தூவினால், சில வாரங்களில் அதுவும் லைவ் சாண்ட் ஆகிவிடும். மீன் விடுவதற்கு முன் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை எப்படியும் காத்திருக்கப் போகிறீர்கள். (நண்பரின் தொட்டியில் ஐப்டேசியா என்ற, வேகமாகப் பெருகும் கடல் அனிமோன் மாதிரித் தொல்லைகள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஓசியில் வருவதோடு அதுவும் வந்துவிடும்.)

அரகோனைட் கரைந்து பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். தொட்டித் தண்ணீர் 8.1, 8.3 என்று இருக்கும்போது அது கரைவது மிக மிகக் குறைவு. அந்த வாக்குறுதிக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அதேபோல, ஃபில்டர் மணலில் சிலிக்கா இருப்பதால் தொட்டி முழுக்கப் பழுப்புப் பாசி படரும் என்ற பயமும் கொஞ்சம் மிகை. அந்தச் சிலிக்கா குவார்ட்ஸ் படிகமாக இருக்கிறது, எளிதில் கரையாது. அந்தப் பழுப்பு எந்த மணல் போட்டாலும் புதுத் தொட்டியில் வந்து போகும். ஆகவே 900 ரூபாய் மூட்டை தப்பான தேர்வு இல்லை. கையில் காசே இல்லையென்றால் அதையே போடுங்கள், தரம் பிரித்தது, கூர்முனை இல்லாதது என்று பார்த்து.

ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது உலர்ந்த அரகோனைட், 1 முதல் 2 மி.மீ. பருமன். 24 கிலோ, 3,840 ரூபாய். ஃபில்டர் மணலைவிட 2,940 கூடுதல். தொட்டி ஐந்து வருடம் ஓடினால் மாதம் 49 ரூபாய். வெள்ளையாக இருக்கும், மணலைச் சலித்து மேயும் கோபி போன்ற மீன்களுக்கும் உறுத்தாது. சர்க்கரை மாதிரி நைஸாக இருப்பதை எடுத்தால் பவர்ஹெட் (தொட்டிக்குள் தண்ணீரை ஓடவிடும் பம்ப்) ஓட்டத்தில் பறந்து பவளத்தின் மேல் உட்காரும்.

ரொம்பப் பெரிய பருமனும் வேண்டாம். இது என் சொந்தச் செலவில் கற்றது. பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்ததே என்று பட்டாணி அளவு உடைசலை வாங்கிக் கொட்டினேன். மீன் கழிவும் தின்னாத தீனியும் இடுக்கில் இறங்கி, நைட்ரேட் ஏறிக்கொண்டே போனது. ஒன்றரை வருடம் கழித்து மொத்தத்தையும் அள்ளி எடுத்த அன்று அழுகிய முட்டை நாற்றம் வீடு முழுக்க. மீன்களை டிரம்மில் விட்டு, புதிதாக உப்புத் தண்ணீர் கலக்கி... மணலில் மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போனது. விளக்கையும் பம்பையும் பாதி விலைக்காவது விற்கலாம். பழைய மணலுக்கு மறுவிற்பனை மதிப்பே கிடையாது, மாற்றுவதென்றால் தொட்டியையே கவிழ்க்க வேண்டும். அதனால்தான் அந்த 49 ரூபாயைக் கொடுக்கச் சொல்கிறேன்.

கோவளம் யோசனையை மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் கடற்கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ்தான். இடையில் தெரியும் கறுப்புத் துகள்கள் இல்மனைட் போன்ற கனிமங்கள். எண்ணெய், சாக்கடை எல்லாம் கலந்த கரையிலிருந்து எடுத்து எத்தனை முறை கழுவினாலும் மனம் ஒப்பாது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் மணல் எடுப்பதற்குத் தடையும் இருக்கிறது. அதைவிட ஆபத்து, ராமேஸ்வரம் பக்கத்துப் பவளத்தை உடைத்தது என்று யாராவது மலிவாகக் கொடுப்பது. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத்துக்கும் அது பொருந்தும். 3 முதல் 7 வருடம் வரை சிறை. தொட்டிக்குள் வைக்கப்போகும் பவளத்துக்கும் இதே எச்சரிக்கை: இறக்குமதி ஆவணமும் பில்லும் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

இ.எம்.ஐ.க்கு வருவோம். நாலு பை 16,800. ஆண்டுக்கு 15% வட்டி என்று வைத்தால் 12 மாதத்தில் வட்டி மட்டும் சுமார் 1,400. அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. 250, புராசஸிங் கட்டணம் தனி. நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்றாலும் அந்த ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்தான். அந்த 1,650 ரூபாய்க்கு 10 கிலோ உலர்ந்த மணல் வாங்கலாம். 3,840 ரூபாய்க்கோ இ.எம்.ஐ.யும் வேண்டாம், எஸ்.ஐ.பி.யில் கை வைக்கவும் வேண்டாம். அடுத்த சம்பளத்தில் சமாளித்துவிடலாம்.

எனக்குக் கவலை மணலைப் பற்றி இல்லை, அதற்கு மேலே நிற்கப்போகும் தண்ணீரைப் பற்றி. வாரம் 20 லிட்டர் மாற்றினாலே வருடத்துக்கு 40 கிலோ உப்பு ஆகும். அதைக் கடைக்காரர் சொல்லும் உப்பு விலையோடு பெருக்கிப் பாருங்கள். சென்னை வெயிலில் தண்ணீரை 26 டிகிரியில் நிறுத்த சில்லர் வேண்டும்: 300 வாட் சில்லர் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 216 யூனிட். மின் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கும் கட்டணம் ஏறும். கடைசி மூன்று மின் கட்டண ரசீதுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள யூனிட்டோடு 216-ஐக் கூட்டிப் பாருங்கள். தொட்டிக்கென்று மாதம் எவ்வளவு ஒதுக்குவது என்பதை அந்தக் கணக்கை வைத்து வீட்டில் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒருவேளை தொகை மலைப்பாக வந்தால், மணலே இல்லாத வெறும் அடித்தளத் தொட்டியும் ஒரு வழிதான். பவளத்துக்கு மணல் கட்டாயமில்லை. மணலில் புதைந்து தூங்கும் ராஸ் மீன் ஆசையை மட்டும் விட வேண்டியிருக்கும்.

மணல் வாங்க, வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போனால் சின்ன பாட்டிலில் வினிகர் கொண்டு போங்கள். ஒரு சிட்டிகை மணலில் நாலு சொட்டு விட்டால் நுரைக்க வேண்டும். நுரைக்காவிட்டால் அது குவார்ட்ஸ், கிலோ 160-க்கு அதை வாங்காதீர்கள். மார்பிள் தூளும் நுரைக்கும் என்பதால் பையில் அச்சிட்ட பெயரையும் பருமனையும் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.