காடையை அடைக்கு உட்கார வைக்க முடியுமா?

கேள்வி: கம்பிக் கூண்டில் எட்டு பெண் காடைகளும் மூன்று ஆண் காடைகளும் வளர்க்கிறேன். முட்டைக்குக் குறைவில்லை. ஆனால் இட்ட முட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இன்குபேட்டர் வாங்காமல் அவற்றையே அடைகாக்க வைக்கலாமா?

பதில்: முயன்று பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது. நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. அடைக்கு உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும் என்பதால், நிற்காமல் முட்டையிடுபவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்துவிட்டார்கள். அந்தக் குணம் ஏதோ ஒன்றிரண்டில்தான் மிச்சமிருக்கும். அதுவும் கம்பித் தரையில் தலைகாட்டாது.

முதலில் தரைக்கு இறக்குங்கள். மண்ணும் காய்ந்த புல்லும் போட்டு, ஒரு மூலையில் சோளத்தட்டையைச் சாய்த்து மறைவு கொடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் காடை தெரியக் கூடாது, அவ்வளவு மறைவு வேண்டும். காடை மிரண்டால் நேராக மேலே எகிறும் என்பதால் கூரைக்குக் கம்பி வேண்டாம், துணிவலை கட்டுங்கள். எட்டுக்கு மூன்று ஆண் அதிகம், ஒன்றைக் குறையுங்கள். முட்டைக்காக இரவில் பல்பு எரிகிறது என்றால் அணைத்துவிடுங்கள்.

அப்புறம் முட்டை விஷயம். தினமும் பொறுக்கி எடுத்தால் அதற்கு அடை நினைப்பே வராது. அப்படியே விட்டால் வெயிலில் கெட்டுவிடும். அதனால் நல்ல முட்டைகளை எடுத்துக் குளிர்ச்சியான இடத்தில், கூர்முனை கீழே இருக்கும்படி வைத்துக்கொண்டு, அவை கிடந்த இடத்தில் பொய் முட்டைகளைப் போடுங்கள். எடுத்து வைத்த முட்டைக்கு ஒரு வாரம்தான் கணக்கு. அதற்கு மேல் பொரிப்பு குறையும்.

காடை பெரும்பாலும் பிற்பகலிலும் சாயங்காலமும் முட்டையிடும். அப்போது குழியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மறுநாள் காலையிலும் அங்கேயே இறகை விரித்துப் படுத்திருந்து, கை நீட்டினாலும் எழாமல் இருந்தால்தான் அடை. அன்று இருட்டியதும் நல்ல முட்டைகளை மாற்றி வைத்து, ஆண்களையும் மற்ற காடைகளையும் பிரித்துவிடுங்கள். 17, 18 நாளில் பொரிக்கும். நடுவில் எழுந்துபோகும் காடைகளும் உண்டு.

என்னைக் கேட்டால், குஞ்சுதான் வேண்டும் என்றால் சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி அடைக்கு வந்திருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பதே மேல். பேன் இல்லாத கோழியாகப் பார்த்து, காடை முட்டையை மட்டும் வையுங்கள். கோழி முட்டைக்கு 21 நாள் ஆகும், இரண்டையும் கலந்தால் காடைக்குஞ்சு முதலில் வெளிவந்து கோழியை எழுப்பிவிடும். கனமான கோழி வேண்டாம், காடை முட்டை பத்து கிராம்தான், ஓடும் மெல்லியது. பொரித்து ஈரம் காய்ந்ததும் குஞ்சுகளைப் பல்பு வெப்பத்துக்கு மாற்றிவிடுங்கள், கோழி மிதித்தால் தாங்காது. தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போட மறக்காதீர்கள், கட்டைவிரல் அளவு குஞ்சு அரை அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிவிடும்.