83 வெற்றி இருவருக்கும், கொடி மட்டும் ஏன் நியூயார்க்குக்கு?

1889 நேஷனல் லீக் பேஸ்பால் பட்டியலில் நியூயார்க் ஜயண்ட்ஸும் பாஸ்டனும் ஆளுக்கு 83 ஆட்டம் ஜெயித்திருக்க, பென்னன்ட் (லீக்கில் முதலிடம் பிடித்த அணிக்கான கொடி) எப்படி நியூயார்க்குக்குப் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். தோல்வியைப் பாருங்கள்: நியூயார்க்குக்கு 43, பாஸ்டனுக்கு 45.

அப்போது மழையில் நின்றுபோன ஆட்டங்களையும் சமனில் முடிந்தவற்றையும் எல்லா நேரமும் திரும்ப ஆடிவிட மாட்டார்கள், அதனால் அணிக்கு அணி ஆட்டக்கணக்கு மாறும். வெற்றி விகிதம்தான் முடிவு. 83-ஐ 126-ஆல் வகுத்தால் .659, 128-ஆல் வகுத்தால் .648. அவ்வளவுதான் வித்தியாசம்!

கடைசி நாள் வரை இழுத்தது. அன்று நியூயார்க் கிளீவ்லாந்தை வென்றது, பாஸ்டன் பிட்ஸ்பர்கிடம் தோற்றது. எனக்கு ஜான் கிளார்க்சனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. பாஸ்டனுக்காக அந்த ஒரே பருவத்தில் 620 இன்னிங்ஸ் பந்து எறிந்து 49 வெற்றி எடுத்துக் கொடுத்தவர் அவர், அதாவது அணியின் வெற்றிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு கைதான்.