சர்வர் ரேக்கை முதலில் நிலைநிறுத்துங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறோம். மாடி அலுவலகத்துக்கு 42 யூ உயர சர்வர் ரேக் (சர்வர் கணினிகளை அடுக்கி மாட்டும் உலோகச் சட்டம்) ஒன்று வாங்கியிருக்கிறோம். அடியில் சக்கரங்கள் இருப்பதால் அப்படியே நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை சர்வர்களை மாட்டிவிடலாமா?

பதில்: மாட்டலாம், ஆனால் சனிக்கிழமையே ரேக்கை அசையாமல் நிறுத்தி முடித்திருக்க வேண்டும். சக்கரங்கள் ரேக்கை உரிய இடத்துக்குத் தள்ளிச் செல்வதற்கு மட்டுமே. இடம் சேர்ந்ததும் நான்கு மூலைகளிலும் உள்ள திருகு கால்களை ஸ்பேனரால் இறக்கி, எடை முழுவதையும் அவற்றின் மேல் ஏற்றுங்கள். அதன்பின் சக்கரங்களைக் கையால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். பிறகு கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தை அடிச்சட்டத்தின் மேல் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள். கழுவும் நீர் வடிவதற்காக வாட்டம் விட்டுப் போட்ட தளங்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. மட்டம் தவறினால் திருகு காலைத்தான் திருப்ப வேண்டும். அட்டையை மடித்துச் செருகினால் அது நாளடைவில் நசுங்கிவிடும்.

ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர்; எனவே உங்கள் ரேக் சட்டத்தோடு சேர்த்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் இருக்கும். இவ்வளவு உயரமான பொருளுக்கு ஆபத்து நிற்கும்போது அல்ல, சர்வரை அது மாட்டியிருக்கும் சறுக்குச் சட்டத்தில் முன்னால் இழுக்கும்போதுதான் வருகிறது. ஓர் அலுவலகத்தில் மேல்தட்டில் இருந்த கனமான சர்வரை ஒருவர் முழு நீளத்துக்கு வெளியே இழுத்ததும், ரேக்கின் பின்கால்கள் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியதைக் கண்ணால் பார்த்தேன். இருவர் தோள் கொடுத்துத் தாங்கியதால் தப்பினார்கள். ஆகவே அடியில் முன்புறம் நீட்டிப் பூட்டும் தாங்கு சட்டத்தைக் கட்டாயம் பொருத்துங்கள். அதை ஸ்டெபிலைசர் என்பார்கள். நாம் கடையில் கேட்டு வாங்கும் மின்சார ஸ்டெபிலைசர் வேறு. நிரந்தரமாக ஒரே இடத்தில் இருக்கப் போகும் ரேக் என்றால், தரையோடு ஆங்கர் போல்ட் போடுவது இன்னும் நல்லது. போல்ட் டைல்ஸை மட்டும் பிடித்தால் போதாது, அடியிலுள்ள கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். துளையிடும் இடத்தில் மின்குழாய் ஓடுகிறதா என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நிறைந்த ரேக் அரை டன்னையும் தாண்டக்கூடும் என்பதால், மாடித் தளம் அதைத் தாங்குமா என்று கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

ரேக்கின் உடலுக்கு எர்த் கம்பி இணைக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்ய வேண்டும். மாட்டும்போது யூபிஎஸ், பேட்டரி, கனமான சர்வர் எனக் கீழிருந்து மேலாக ஏறுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் வெளியே இழுக்காதீர்கள்.

துளையிடும் வேலையை முந்தின நாளே முடிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கான்கிரீட் தூசியைச் சர்வரின் விசிறிகள் உள்ளே இழுத்துக்கொள்ளும்; உங்கள் ஊரில் பஞ்சுத் தூசியும் அதோடு சேரும். துளையிட்டு முடித்ததும் வாக்குவம் கிளீனரால் தரையையும் ரேக்கையும் சுத்தம் செய்து, மறுநாள் காலை ஈரத்துணியால் துடைத்து உலர்ந்த பிறகே சர்வர் பெட்டிகளைப் பிரியுங்கள்.