ஸ்கேன் நார்மல், ஆனால் கண் தெரியவில்லை!

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் கண் பரிசோதனை நடந்தபோதுதான் அவளுக்கு இடது கண் சரியாகத் தெரியவில்லை என்பதே எங்களுக்குத் தெரிந்தது. சோம்பேறிக் கண் என்றார் டாக்டர். ஒளியைக் கொண்டு கண்ணின் உட்புறத்தை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு, "ரெட்டினா (விழித்திரை) நார்மல்" என்றும் சொல்கிறார். நார்மல் என்றால் ஏன் தெரியவில்லை? "இன்னொரு கண்தான் நன்றாகத் தெரிகிறதே, விடு" என்கிறார் மாமியார். இந்த வயதில் சரியாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சோம்பேறி என்பதே அந்தக் கண்ணின் மேல் போட்ட வீண்பழி! பழுது இருப்பது மூளையில். சிறு வயதில் ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் அதிகமாக இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, அந்தக் கண் அனுப்பும் படம் கலங்கலாகவோ பொருந்தாமலோ வரும். மூளையும் நல்ல கண் சொல்வதையே கேட்டுப் பழகிவிடும். டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற மூளை ஆய்வாளர்கள் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைத் தைத்து மூடி வைத்து (இன்று படிக்கும்போது மனசு கஷ்டப்படுகிறது), பல வாரம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண்ணில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. ஆனால் மூளையில் அந்தக் கண்ணுக்கு வேலை செய்ய வேண்டிய செல்களில் பெரும்பாலானவை மற்ற கண்ணுக்கு மட்டுமே வேலை செய்தன. பார்வையை மூளை கையாளும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு? ரெட்டினாவிலோ பார்வை நரம்பிலோ ஒளிந்திருக்கும் வேறு நோயைச் சோம்பேறிக் கண் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது, அதற்குத்தான். ஓ.சி.டி. படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடுக்கடுக்கான பட்டைகளுக்கு நடுவில், பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தியது போல ஒரு குழி தெரியும். கூர்மையான பார்வைக்கான இடம் அதுதான், ஃபோவியா என்பார்கள். சோம்பேறிக் கண்ணில் இந்தப் பகுதி சில மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்பாக இருக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வித்தியாசமே இல்லை என்று வேறு சில சொல்கின்றன. ப்ளஸ் பவர் உள்ள கண் நீளத்தில் குட்டை, அந்த நீளமே ஸ்கேன் அளவை மாற்றிவிடும் என்பதால் இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. உங்கள் மகளின் சிகிச்சையை அது மாற்றாது, எனவே இப்போதைக்கு வேறு ஸ்கேன் தேடி அலைய வேண்டாம்.

இந்தப் படங்களில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறொன்று. ரெட்டினாவை வீடியோ மாதிரி தொடர்ந்து படம் பிடித்தால், ரத்தக்குழாய்கள் நகர்வதை வைத்தே கண் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கலாம். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சூசனா சுங், டென்னிஸ் லீவை முதலானோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இப்படிச் செய்ததுதான். ஒரே புள்ளியைப் பார்க்கச் சொன்னாலும், குறிப்பாக மாறுகண்ணால் வந்த சோம்பேறிக் கண் ஓரிடத்தில் நிலைக்காமல் அலைகிறது. ஸ்கேன் எடுப்பவரிடம் கேட்டால் அவரும் இதையே சொல்வார். தாடையை வைத்து, உள்ளே தெரியும் குறியை மட்டும் பார் என்றால் நல்ல கண் சொன்னபடி கேட்கும், மற்றது நழுவி நழுவிப் போகும், மூன்றாவது தடவைதான் படம் சரியாக விழும்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வயதைத் தாண்டினால் போச்சு என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையுள்ள 507 பேரை வைத்து நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வில், 12 வயது வரையுள்ளவர்களில் கண்ணாடியோடு, நல்ல கண்ணை மூடும் பேட்ச், அதைக் கொஞ்சம் கலங்கலாக்கும் சொட்டு மருந்து எல்லாம் பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் முன்னேறினார்கள், கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம். ஆகவே மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: நல்ல கண்ணுக்கு நாளைக்கு ஒரு அடிபட்டால் கைகொடுக்க இன்னொன்று வேண்டாமா?

பேட்ச் எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். மூக்குப் பக்க இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிறாளா என்று மட்டும் நீங்கள் கவனியுங்கள், எல்லாப் பிள்ளைகளும் செய்வார்கள். கண்ணாடி மேல் மாட்டாமல் தோலிலேயே ஒட்டினால் திருட்டுப் பார்வை குறையும். மாதக்கணக்கில் ஒழுங்காகச் செய்தும் பார்வை அட்டையில் ஒரு வரி கூட முன்னேறவில்லை என்றால், அப்போது ரெட்டினாவையும் நரம்பையும் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ரெட்டினாவைப் போட்டோ எடுத்தே சோம்பேறிக் கண்ணைக் கண்டுபிடித்துவிட முடியாதா? – ஒரு கல்லூரி மாணவர்

பதில்: சாதாரண போட்டோவில் முடியாது, பழுது மூளையில் என்று மேலே சொன்ன அதே காரணம்தான். ஆனால் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கைட்டனும் டேவிட் ஹண்டரும் குறுக்கு வழி ஒன்று பிடித்தார்கள். ஃபோவியாவைச் சுற்றி நரம்பிழைகள் சக்கரத்தின் ஆரக்கால் போல விரிந்திருக்கும், அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியின் துருவத்தன்மை (ஒளி அலை அதிரும் திசை) மாறும். அதை வைத்து இரண்டு ஃபோவியாவும் ஒரே நேரத்தில் ஒரே இலக்கைப் பார்க்கின்றனவா என்று கருவி சில நொடியில் சொல்லிவிடும்; ஒன்று இலக்கைவிட்டு நழுவினால் சோம்பேறிக் கண்ணோ என்று சந்தேகிக்கலாம். எழுத்து வாசிக்கத் தெரியாத இரண்டு வயதுக் குழந்தைக்கும் செய்யலாம், சிரிக்கும் முகத்தைக் காட்டினால் போதும்.